கார்டைத் திருப்பி அனுப்பு, மகளே

ஆதம்பாக்கம், சென்னை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். நீ பெங்களூரில் வேலையில் சேர்ந்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். நான் சொல்ல வேண்டியது வேறொன்று. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். உன் பர்ஸில் இருக்கும், என் ராணுவ சேவையால் நம் குடும்பத்துக்குக் கிடைத்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்ட ஸ்மார்ட் கார்டு, நீ வேலையில் சேர்ந்த திங்கட்கிழமையோடு செல்லாததாகிவிட்டது.

முன்னாள் படைவீரர்களுக்கான இந்தப் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. நான் 2018-இல் ஓய்வு பெற்றபோது, சுபேதார்களுக்கு உரிய ஒரே முறைப் பங்களிப்பாக 67,000 ரூபாய் போனது. அதன்பின் ஆண்டுச் சந்தா என்று ஒன்றும் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் ஆயுள் வரை சிகிச்சை உண்டு, இத்தனை லட்சத்துக்குமேல் தரமாட்டோம் என்ற உச்சவரம்பும் கிடையாது. தீவுத்திடலில் இருக்கும் இந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, அங்குள்ள மருத்துவர் எழுதித் தரும் ரெஃபரலோடு பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை.

உன்னைச் சேர்த்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பிறந்தபோது நான் வடக்கே போஸ்டிங்கில் இருந்தேன். உன் பிறப்பைப் பார்ட் டூ ஆர்டரில், அதாவது படைவீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணையில், ஏற்றுவதற்கான படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடக்கூடாது என்று நினைத்து என் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அதனால் பிறப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியலோடு இருந்த நீ, ராணுவப் பதிவேட்டில் தாத்தாவின் மகளைப் போல ஆகிவிட்டாய். பதினேழு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. கார்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் ஆதாரில் ஒரு பெயரும் பதிவேட்டில் ஒரு பெயருமாக நின்றது. நோட்டரியிடம் அஃபிடவிட் எழுதி வாங்கி, ராணுவப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பி, நான்கு முறை அலைந்து அதைச் சரிசெய்தேன். தவறு என்னுடையது என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய கார்டை இப்போது திருப்பிக் கேட்பதற்குக் காரணம் விதிதான். மகனுக்கு 25 வயது நிறைவது, சம்பாதிக்கத் தொடங்குவது, திருமணம் ஆவது ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் தகுதி. மகளுக்கு வயது வரம்பு இல்லை. வேலைக்குப் போனாலோ திருமணமானாலோ தகுதி போய்விடும். உன் தம்பிக்குக் கிடைக்காத சலுகை உனக்கு இருந்தது, அவ்வளவுதான். (கணவனை இழந்தோ விவாகரத்தாகியோ பெற்றோரைச் சார்ந்து வாழ நேர்ந்தால் மகளுக்கு மீண்டும் இடமுண்டு. பெற்றவன் எழுதக் கூடாத வரி இது, ஆனாலும் விதி இருப்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.)

என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், கல்யாணம் வரைக்கும் கார்டு அவளிடமே இருக்கட்டும், யார் கேட்கப்போகிறார்கள் என்றார். தகுதியில்லாதவர் பயன்படுத்தியது தெரிந்தால் நடவடிக்கை என் உறுப்பினர் உரிமையின் மீது வரும். அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் மாதந்தோறும் அந்த உறுப்பினர் உரிமையின் பேரில்தான் வீட்டுக்கு வருகின்றன. அதை வைத்து விளையாட எனக்குத் துணிவில்லை. துணிவு இருந்தாலும் அப்படிச் செய்யமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது உன் விஷயம். அலுவலகக் குழுக் காப்பீடு சேர்ந்த நாளிலிருந்தே செல்லுமா, உன் பெயர் ஏற்றப்பட்ட பிறகுதானா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பாதே. இ.சி.எச்.எஸ். ஒரு நலத்திட்டமே தவிரக் காப்பீட்டு பாலிசி அல்ல. ஆகவே இத்தனை ஆண்டுகள் அதில் இருந்ததைக் காட்டித் தனியார் பாலிசியில் காத்திருப்புக் காலத்தைக் குறைக்க முடியாது. உனக்கு ஆஸ்துமா இருப்பதால் இது முக்கியம். தனிநபர் பாலிசி எடுத்தால், முன்பே இருக்கும் நோய்க்கான செலவைத் தர அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேலையை விட்ட நாளில் அதுவும் உன்னை விட்டுப் போய்விடும். ஆகவே அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே, முதல் இரண்டு சம்பளத்துக்குள், சிறியதாக ஒரு பாலிசி உன் பெயரில் எடுத்து வை. அந்த 3 ஆண்டுகள் நீ வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். படிவத்தில் ஆஸ்துமாவை மறைக்காதே. மறைத்தால் ஒருநாள் கிளெய்மைத் தள்ளுபடி செய்வதற்கு நீயே காரணம் கொடுத்தவள் ஆவாய்.

எங்களையும் உன் அலுவலகக் காப்பீட்டில் சேர்க்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். மனம் நிறைந்தது, ஆனால் வேண்டாம். அதற்குப் பிடிக்கும் பிரீமியத்தில் உன் பாலிசியைக் கட்டு.

நீ புறப்படுவதற்கு முந்தைய வாரம் பாலிகிளினிக்கில் வாங்கிய இரண்டு இன்ஹேலர்களில் ஒன்று உன் நீலப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது. இன்னொன்றை வழக்கம்போல ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதை நாளை கூரியரில் அனுப்புகிறேன். அவை தீர்ந்த பிறகு கடையில்தான் வாங்க வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்து.

கார்டை இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடு. பாலிகிளினிக்கில் நேரில் ஒப்படைத்து, முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் உன் பெயரை இனிஷியலோடு மட்டும் எழுது. தாத்தாவை இதில் இழுக்காதே.

அன்புடன்,
அப்பா