வடசென்னைக் கோலிகளுக்கு ஆட்டம் கொடுங்கள்

சென்னையில் கால்பந்து லீக் நடத்தும் சங்க நிர்வாகிகளுக்கும், அணி வைத்திருக்கும் அலுவலகங்கள், கிளப்புகள், அகாடமிகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுப்பவன் எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நின்றவன்தான். எங்கள் பக்கம் 16, 17 வயதில் நல்ல கையோடு இருக்கும் பையன்கள், 20 வயதுக்குள் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆடுவதற்கு ஆட்டம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது, அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை என்று நம்பித்தான் இந்த மடல்.

வடசென்னையில் பந்தாட்டத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் பந்து உருண்டுகொண்டிருக்கும். 2017-18இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் எங்கள் ஊர்ப் பிள்ளை. நந்தகுமார் சேகரும் இங்கிருந்து போனவர்தான். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்ததே, அந்த ஒரே கோல் அவர் அடித்தது. அதை எங்கள் பிள்ளைகள் மொபைலில் எத்தனை முறை போட்டுப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. சரி, இதே மாதிரி நம்ம ஏரியாவிலிருந்து போன ஒரு கீப்பர் பெயரைச் சொல்லு என்று அதே பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யோசிப்பார்கள்.

அதற்குக் காரணம் தெருவிலேயே தொடங்குகிறது. கடைசியாக வந்தவன், ஓட முடியாதவன், வயதில் சின்னவன், இவர்களைத்தான் "நீ போய் கோல்ல நில்லுடா" என்று தள்ளிவிடுகிறோம். போஸ்ட் என்றால் இரண்டு கல், இல்லையென்றால் இரண்டு ஜோடி செருப்பு. மேலே கம்பி கிடையாது. தலைக்கு மேல் போன பந்து கோலா வெளியா என்பதை யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் முடிவுசெய்வார்கள். எந்தப் பந்தை விட்டுவிடலாம், எதற்குக் கை நீட்ட வேண்டும் என்ற அளவு அங்கே மனதில் பதிவதே இல்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் அணிக்கு ஏழு பேர், ஐந்து பேர் ஆடும் செவன்ஸ், ஃபைவ்ஸ் டோர்னமென்ட். போஸ்ட் சின்னது, கிரவுண்டும் சின்னது. பந்து பெரும்பாலும் தரையோடு, கிட்டத்திலிருந்து வரும். எங்கள் பையன்கள் காலை விரித்துத் தடுப்பார்கள், விழுந்து தட்டிவிடுவார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். அதே பையனை முதல் தடவையாகப் பதினொரு பேர் ஆடும் லெவன்ஸ் மேட்சில் நிறுத்துகிறோம். போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். முதல் கார்னர் வரும்போது அவன் கோல் லைனை விட்டு நகர்வதே இல்லை. பந்து காற்றில் இருக்கும்போதே எங்கே இறங்கும் என்று கணிப்பது, எந்த நேரத்தில் வெளியே கிளம்புவது, எந்த முழங்காலைத் தூக்கிக் குதிப்பது, "கீப்பர்!" என்று எப்போது கத்துவது, எதுவும் அவனுக்குப் பழக்கமில்லை. எதிரணிக் கோச்சுக்கு இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் வருகிற பந்தெல்லாம் ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் கிராஸ்தான். இரண்டு கோல் விழும். "இந்தப் பையன் வேலைக்கு ஆகமாட்டான்" என்று பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுவார்கள்.

நான் கூட்டிப்போன ஒரு பையனுக்கு ஒரு தேர்வு முகாமில் இதுதான் நடந்தது. எந்த அணி என்று சொல்ல விரும்பவில்லை. ஃபார்வர்டுகளுக்கு அரை மணி நேரம் ஆட்டம் கொடுத்துப் பார்த்தவர்கள், கோலிகளை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்குச் சில ஷாட் அடித்துப் பார்த்ததோடு சரி. என் பையனுக்கு வந்த கடைசிப் பந்து நழுவியது. அவனுக்கு அப்போது 15 வயது. அதற்கு முன்னால் அவன் எத்தனை பந்தைப் பிடித்தான், அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு உயரம் வளர்வான் என்றெல்லாம் கேட்க அங்கே யாருமில்லை. கோலியின் தப்பு மட்டும்தான் ஸ்கோராகத் தெரிகிறது. ஃபார்வர்டு நாலு வாய்ப்பை வீணடித்தாலும் ஐந்தாவதை அடித்துவிட்டால் ஹீரோ.

தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் கிரவுண்டுகளில் பாதிக்கு மேல் கட்டாந்தரை, நடுநடுவே சரளைக்கல். டைவ் அடிக்கும் ஒரு பையனை உற்றுப் பாருங்கள். இடுப்பு தரையில் மோதாமல் இருக்க, விழும்போதே முழங்கையை ஊன்றுவான். ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சந்து உண்டாகும், பந்து அதற்குள் புகுந்துவிடும். அதை டெக்னிக் தெரியாத தப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வலிக்குப் பயந்து உடம்பு தானாகவே கற்றுக்கொண்ட பழக்கம் அது. இரண்டு டிராக் பேன்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அப்படியும் சனிக்கிழமை பயிற்சி முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒருபக்கமாகத்தான் நடப்பார்கள். ஒரு ஜோடி கிளவுஸை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உள்ளங்கை ரப்பர் உரிந்து துணி தெரிந்த பிறகும், தண்ணீரில் நனைத்துப் பிடிப்பு வரவழைத்து அதையே போடுகிறார்கள். பெரிய அகாடமிக்கு முதல் நாள் போன ஒரு பிள்ளை புல்தரையில் விழுந்து பார்த்துவிட்டு, "சார், வலிக்கவே இல்ல" என்று போனில் சொன்னான். இத்தனை வருடம் அவனை எதில் விழவைத்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு கீப்பரின் தொடக்க காலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வது பிரப்சுகன் கில் கதையை. பஞ்சாபைச் சேர்ந்தவர், 2001 ஜனவரியில் பிறந்தவர். 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணியில் இருந்தார், ஆனால் ஒரு மேட்ச்சும் ஆடவில்லை. அமெரிக்கா, கொலம்பியா, கானா என்று மூன்று ஆட்டத்திலும் கோலில் நின்றவர் மணிப்பூரின் தீரஜ் சிங். அந்த வயதுப் பையன்களைச் சேர்த்து அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இந்தியன் ஆரோஸ் என்ற அணியை ஐ-லீக் என்ற தேசியப் போட்டியில் இறக்கியது. தீரஜ் அங்கிருந்து கிளம்பிய பிறகு கில்லுக்கு இடம் கிடைத்தது. 17 வயதில், நன்றாக அடிபட்டுத் தேறிய பெரிய ஆட்களுக்கு எதிராக நின்றார். கோல் வாங்கினார், தோற்றார், அடுத்த வாரம் மறுபடியும் நின்றார். அந்த அணிக்குக் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் பயம் இல்லாததால், ஒரு தப்புக்காகப் பையனை வெளியே உட்காரவைக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை.

அதற்கப்புறம் 2019இல் பெங்களூரு எஃப்.சி.க்குப் போனார். அங்கே இந்திய அணியின் முதல் கீப்பர் குர்பிரீத் சிங் சாந்து இருக்கும்போது வேறு யாருக்கு இடம்? அடுத்த வருடம் கேரளா பிளாஸ்டர்ஸ், அங்கேயும் காத்திருப்பு. 2021 டிசம்பரில் முதல் கீப்பர் ஆல்பினோ கோம்ஸ் காயமடைந்தார். கில் உள்ளே போனார், போனவர் திரும்ப வெளியே வரவில்லை. அணி இறுதியாட்டம் வரை போனது, சீசனின் சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் விருது 21 வயது கில்லுக்குக் கிடைத்தது. திடீரென்று வந்த அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். ஆரோஸில் ஆடிய அந்த இரண்டு சீசன் இல்லாமல் அந்த டிசம்பர் மாதம் அவருக்கு ஒன்றும் தந்திருக்காது என்பதுதான் என் கருத்து. 2022இல் ஆரோஸ் அணியும் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது 17 வயதுக் கோலி எங்கே போய்த் தோற்றுக் கற்றுக்கொள்வான்?

குர்பிரீத் மட்டும் என்ன, 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் அணிக்குப் போய், இரண்டாம் இடத்தில் காத்திருந்து, 2016இல்தான் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் தகுதிச்சுற்றில் நின்றார். தீரஜும் உலகக் கோப்பைக்குப் பிறகு அணி மாறி மாறி, பெஞ்சில் உட்கார்ந்து, 2021இல் கோவா அணிக்காக ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கத்தாரின் அல் ரய்யானை 0-0 என்று தடுத்து நிறுத்தினார். கோலிகள் மெதுவாகத்தான் தேறுவார்கள். அந்தக் காலத்து பீட்டர் தங்கராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்தில் முன்கள ஆட்டக்காரராகத் தொடங்கியவர். ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடிய பிறகுதான் கோலியானார். அந்த அணி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1962இல் ஜகார்த்தாவில் இந்தியா ஆசியப் போட்டித் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். ஒரு சாதாரண ரெஜிமென்ட் அணியில் யாரோ ஒருவர் அவரைக் கோலில் நிறுத்திப் பார்த்து, தொடர்ந்து நிற்கவும் விட்டிருக்கிறார்.

இப்போது நம் சென்னைக்கு வருகிறேன். ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கி, கஸ்டம்ஸ் என்று அலுவலக அணிகள்தான் இந்த ஊர்க் கால்பந்துக்கு முதுகெலும்பு. விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் எங்கள் பக்கம் ஒரு குடும்பமே நிமிர்ந்துவிடும், அதனால் அந்த அணிகள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் கோலிக்கு அந்தக் கதவு மிகக் குறுகல். அணியில் ஃபார்வர்டுக்கு மூன்று, நான்கு இடம் திறக்கும். கோலி இடம் ஒன்று, அதில் வேலைக்குச் சேர்ந்தவர் 35 வயது வரைக்கும் நிற்பார். நன்றாகவும் நிற்பார், அவர்மேல் குறை இல்லை. பின்னால் இருக்கும் பையன் அதுவரை தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

தொழில்முறை கிளப்பில் சேர்ந்தவன் நிலையும் இதேதான். எங்கள் ஏரியாப் பையன் ஒருவன் மூன்றாவது கீப்பராகக் கையெழுத்துப் போட்டான். அவன் அம்மா மீன் விற்பவர், தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். அந்த சீசன் முழுக்க அவன் செய்தது, மேட்ச்சுக்கு முன்னால் முதல் கீப்பருக்கு வார்ம்-அப் ஷாட் அடித்துக் கொடுத்தது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்ததும், அவனும் எங்கள் கட்டாந்தரைக்கே திரும்ப வந்து சின்னப் பிள்ளைகளோடு பயிற்சி செய்தான். அந்த மாதங்களில் உள்ளூர் அணி ஒன்றில் அவன் பத்து மேட்ச் ஆடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! முழுப் பொறுப்போடு, சொந்த ஊர்க்காரர்கள் பார்க்க.

அதனால் கேட்கிறேன். 13, 15, 17 வயதுப் பிரிவு லீக்குகளில் ஒவ்வொரு அணியும் இரண்டு கோலிகளைப் பதிவுசெய்ய வேண்டும், சீசனில் இருவருமே கிட்டத்தட்ட சம அளவு ஆடியிருக்க வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். ஜெயிக்க வேண்டிய மேட்ச்சில் இது கஷ்டம் என்று கோச்சுகள் சொல்வார்கள். 13 வயதில் ஜெயித்தே ஆக வேண்டிய மேட்ச் என்று ஒன்று இல்லை. அலுவலக அணிகள் லீக்கின் சில ஆட்டங்களிலாவது 21 வயதுக்குட்பட்ட கோலியை நிறுத்தட்டும். பெஞ்சில் இருக்கும் பையனைச் சீசன் நடுவில் கீழ் டிவிஷன் அணிக்குக் கடனாக அனுப்புவதைச் சுலபமாக்குங்கள். அவன் உங்கள் அணியின் பையனாகவே இருக்கட்டும், ஆட்டம் மட்டும் அங்கே ஆடட்டும். தேர்வு முகாம் என்றால் கோலியை வரிசையில் நிறுத்தி ஷாட் அடிக்காமல், இரண்டு முழு மேட்ச்சில் பாருங்கள். கார்னருக்கு வெளியே வருகிறானா, தடுப்பாட்டக்காரர்களிடம் பேசுகிறானா, கோல் வாங்கிய அடுத்த நிமிடம் முகம் எப்படி இருக்கிறது, இதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கோச் விஷயத்திலும் உதவி வேண்டும். வடசென்னையில் பழைய கோலிகள் நிறையப் பேர் இருக்கிறோம். துறைமுகத்தில், ரயில்வேயில், ஆட்டோ ஸ்டாண்டில் என்று வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் கிரவுண்டுக்கு வருகிறவர்கள். தெரிந்ததைச் சொல்லித்தருகிறோம், ஆனால் எங்களில் பலருக்கு முறையான படிப்பு இல்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோல்கீப்பிங் முதல் நிலைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அதற்கு எங்கள் பகுதியிலிருந்து சிலரை அனுப்புங்கள், கட்டணத்தைச் சங்கமோ ஒரு கிளப்போ ஏற்றுக்கொள்ளட்டும். வாரம் இரண்டு சாயங்காலம், எல்லா அணிக் கோலிகளும் ஒரே இடத்தில் கூடிப் பயிற்சி செய்யலாம். முல்லை நகர் கிரவுண்டு மாதிரி ஓரிடத்தில் முழு அளவு போஸ்ட் ஒரு ஜோடி, வலை, அதன் முன்னால் விழுவதற்கு மெத்தென்று மணலோ புல்லோ போட்ட ஒரு பகுதி, இவ்வளவு இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே சீசனில் செய்ய முடியாது என்பது தெரியும். அடுத்த சீசனுக்கு விதிகளை எழுத உட்காரும்போது, இரண்டு கோலி விதியை 13 வயதுப் பிரிவுக்கு மட்டுமாவது எழுதிவிடுங்கள். எந்த அணியிலாவது இரண்டாவது கோலி கிடைக்கவில்லை என்று சொன்னால், எங்களிடம் கேளுங்கள். பிள்ளைகளை அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பழைய கோலி