செயலாளரின் ஆண்டறிக்கை: குறைவாகப் பார்த்து நிறைவாகத் திரும்பிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். சங்கத்தின் சார்பில் எந்தப் பெருநகருக்குப் போனாலும் ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம்தான், அதிலும் இரண்டு மணி நேரம்தான். மாலையில் ஒரு நாடகம் அல்லது ஓர் இசை நிகழ்ச்சி. அதற்கு மேல் கிடையாது. "இவ்வளவு செலவழித்துப் போய்விட்டுப் பாதி ஊரைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதிலாகவே அமைந்துவிட்டது.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கோடையில் லண்டன் பயணம் என்று முடிவானதும், கடைசி மூன்று கூட்டங்களை அதற்கே ஒதுக்கினோம். பார்க்கப்போகும் நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்துக்கொண்டு உரக்கப் படித்தோம். கேட்கப்போகும் சிம்பொனியை, அதாவது பல பகுதிகளாக அமைந்த மேற்கத்திய இசைக்குழுப் படைப்பை, இரண்டு முறை ஒலிக்கவிட்டு, எங்கே எந்த மெட்டு திரும்பி வருகிறது என்று குறித்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதை வீட்டுப்பாடம் என்றே அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பயணத்தில் பன்னிரண்டு பேர் கலந்துகொண்டோம். முதல் நாள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். 1753இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்டு, 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இடம். நிரந்தரக் காட்சிக்கு இன்றும் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, மறுநாளும் வரலாம் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எகிப்தியரின் பழைய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லைச் சுற்றி நாலு வரிசைக் கூட்டம். நாங்கள் அதைத் தாண்டி, ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் இருக்கும் 33ஏ அறைக்குப் போனோம்.

அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. இருபுறமும் செதுக்கியது. முதலில் செதுக்கிய பக்கத்தில் போதி மரம் இருக்கிறது, அதன் அடியில் வெறும் ஆசனம் இருக்கிறது, ஆசனத்துக்குக் கீழே இரண்டு பாதச் சுவடுகள் இருக்கின்றன. புத்தர் இல்லை. சுற்றி நிற்பவர்கள் கைகூப்பி வணங்குவது அந்தக் காலி ஆசனத்தைத்தான். சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே கல்லைத் திருப்பி, மறுபுறத்தில் ஒரு ஸ்தூபியைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் புத்தர் மனித உருவத்தில் நிற்கிறார். ஒரே கல்லில் முன்னும் பின்னுமாக ஒரு சமயத்தின் எண்ணம் மாறியது தெரிகிறது. நம் பொருளாளர் அந்தக் கல் முன்னால் நாற்பது நிமிடம் நின்றார். அடுத்த அறைக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டபோது, "நீங்கள் போங்கள், எனக்கு இது போதும்" என்றார். தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர்.

லண்டனின் ஓவியக் கூடமான நேஷனல் கேலரியில் எங்களுக்கு ஒரு பழைய கதை துணைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த ஓவியங்களைப் பாதுகாப்புக்காக வெளியேற்றினார்கள். பெரும்பகுதி வேல்ஸில் ஒரு சிலேட்டுச் சுரங்கத்துக்குப் போனது. காலியான கூடங்களில் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் மதிய இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். 1946 வரை வாரநாட்களில் தொடர்ந்து நடந்தன. அப்புறம் 1942இல் மாதத்துக்கு ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்க மக்கள் வந்தார்கள். வீட்டுப்பாடத்தில் இதைப் படித்திருந்ததால், எங்களில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து அதன் எதிரில் உட்கார்ந்தோம். அன்று மாலை விடுதியில் பன்னிரண்டு ஓவியங்களைப் பற்றி நடந்த பேச்சு, இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் என்றே பதிவு செய்கிறேன்.

குளோப் நாடக அரங்கில் எங்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தோம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கு 1613இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியால் கூரை பற்றி எரிந்துபோனது. பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதே அமைப்பில் கட்டி 1997இல் திறந்திருக்கிறார்கள். முற்றத்தில் எழுநூறு பேர் நிற்கலாம். மேலே கூரை இல்லை. நாடகம் நடக்கும்போது அங்கே உட்காரக்கூடாது, பின்னால் நிற்பவரை மறைக்கும் என்பதால் குடை பிடிக்கவும் கூடாது. இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. எங்களில் ஒருவர்கூட வெளியேறவில்லை. மேடையின் விளிம்பில் முழங்கை ஊன்றி நின்ற ஓர் அம்மாவைப் பார்த்தே ஒரு நடிகர் தம் வசனத்தைக் கேள்வியாகக் கேட்டார். அவரும் தலையாட்டிப் பதில் சொன்னார். மெத்தை இருக்கையில் இருட்டில் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் மாடத்தில் இருக்கை எடுத்துக்கொள்வது நல்லது. அங்குள்ள மரப் பலகைக்குத் திண்டும் வேண்டும்.

ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் புரோம்ஸ் (Proms) என்னும் இசை விழாவுக்கும் நின்று கேட்கும் டிக்கெட்டுகளே வாங்கினோம். 1895இல் தொடங்கிய விழா இது. முதலில் குயின்ஸ் ஹாலில் நடந்தது. 1941இல் அந்த அரங்கு குண்டுவீச்சில் அழிந்தபின் இங்கே வந்தது. சிம்பொனியின் ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டலாமா என்று நம்மவர்கள் தயங்கினார்கள். பொதுவாகக் கடைசிப் பகுதி முடியும் வரை காத்திருப்பதே வழக்கம். அந்த இடைவெளியின் நிசப்தமும் இசையோடு சேர்ந்ததுதான் என்பதை அன்று உணர்ந்தோம்.

இவை தவிர, தனியாகப் பயணம் செய்த உறுப்பினர்கள் இரண்டு குறிப்புகள் தந்தார்கள். வியன்னா அரசு ஓபரா என்னும் இசை நாடக அரங்கில் நானூறுக்கும் மேற்பட்ட நிற்கும் இடங்கள் உண்டு. முன்னால் உள்ள கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டி இடம் பிடித்துவிட்டுச் சற்று வெளியே போய் வருவது அங்கே பழைய வழக்கம். யாரும் அதை அவிழ்க்க மாட்டார்களாம். பாரிஸ் போன தம்பதியர் செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியக வாசலில் போய் நின்று திரும்பினார்கள். அன்று அதற்கு விடுமுறை. திங்கள் என்றால் அங்குள்ள ஓர்சே அருங்காட்சியகம் மூடியிருக்கும். மறுநாள் மோனலிசா இருக்கும் கூடத்தில் அவர்கள் கவனித்தது இது: முக்கால் மீட்டர் உயரமுள்ள அந்தப் படத்தை நோக்கி எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, எதிர்ச்சுவரில் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்தில் வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண ஓவியம் பார்ப்பாரின்றி இருந்தது. இருவரும் திரும்பி நின்று அதைப் பார்த்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாடக டிக்கெட்டுகளில் இரண்டை அவசரத்தில் ஓர் இடைத்தரகர் தளத்தில் வாங்கினோம். விலையும் அதிகம், இருக்கையும் தூணுக்குப் பின்னால். பாதி மேடை தெரியவில்லை. அந்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி அரங்கின் சொந்தத் தளத்தில் மட்டுமே வாங்குவது, "பார்வை மறையும்" என்ற குறிப்பு உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுவது எனச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அடுத்த பயணத்துக்கான நகரத்தை இன்று பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த நகரமானாலும் வீட்டுப்பாடம் ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கும். இரண்டு மணி நேர விதி இனியும் அப்படியே தொடர வேண்டும் என்ற தீர்மானத்தை இம்முறை முன்மொழிபவர் நம் பொருளாளரே.

அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்