277 பேர் போனார்கள், பெயர் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ஒரு மூலையில், நாலு வரிச் செய்தி வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் வயது மூப்பால் காலமானார் என்று. மலர்வளையம் வைத்த ஐந்து பேரின் பெயரும் பதவியும் அதில் இருந்தன. இறந்தவர் எந்தப் படைப்பிரிவு, எந்த நாட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார் என்று ஒரு சொல் இல்லை. உங்கள் நிருபரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. கேட்டால், "வீட்டிலேயே யாருக்கும் தெரியலை சார்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

நான் வேலூர் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். நான் சுற்றிய ஊர்களிலும் ‘மிலிட்டரி வீடு’ எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வீடுகளுக்கு மணியார்டர் கொண்டுபோவேன். வாங்கிக்கொண்டவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போய் வந்தவர்கள். பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடத்தில் ஏதாவது சொல்வார்கள். நான் காதில் வாங்கியும் வாங்காமலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். இன்றைக்கு நினைத்தால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

ஒருவர் மட்டும் நன்றாக நினைவில் நிற்கிறார். என்னை ‘போஸ்ட்டு’ என்றுதான் கூப்பிடுவார். பெங்களூருக்குப் போய், பாதையும் பாலமும் போடும் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். அந்தப் படைக்காரர்களை மற்ற படைகளில் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்களாம். எண்பது வயதிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பார், ஆனால் கையெழுத்து இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். பட்டாளத்தில் இந்துஸ்தானி மொழியை அந்த எழுத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சண்டையைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. மழை, சேறு, கோவேறு கழுதை, தகர டப்பாச் சாப்பாடு, அப்புறம் மலேரியாவுக்குக் கொடுத்த மாத்திரை. அதைத் தின்றுதின்று உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது, ஊருக்கு வந்தபோது காமாலை என்று பயந்து அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள் என்பார். "சிண்ட்வின் ஆத்துல பாலம் போட்டோம், போஸ்ட்டு. அவ்ளோ பெரிய ஆறு நீ பாத்திருக்க மாட்ட" என்பார். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்தவன் நான், என்ன சொல்வது?

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். சிண்ட்வின் என்ற அந்த ஆறு பர்மாவில் இருக்கிறது. 1944 டிசம்பரில் கலேவா என்ற இடத்தில் அதன் மேல் 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சட்டென்று போடும் பாலம், போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். கிழவர் சொன்னது அந்தப் பாலமா, வேறொன்றா? கேட்கலாம் என்று போனபோது அவர் இல்லை. மருமகள், "எப்பவும் ஏதோ ஆறு, பாலம்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார். அவ்வளவுதான் மிச்சம்.

வேலூர் மணிக்கூண்டை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்? அதில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–1919 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். இதே மாதிரிக் கற்கள் அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பல ஊர்களில் வைக்கப்பட்டன. எல்லாவற்றிலும் வாசகம் ஒன்றுதான், எண் மட்டும் மாறும். பெயர் கிடையாது.

போரில் செத்தவர்களுக்காவது வேறு எங்காவது பெயர் இருக்கிறது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இருக்கிறது. நாகாலாந்தில் உள்ள கோஹிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 277 பேரில் உயிரோடு திரும்பி வந்த 263 பேர்தான் எதிலும் இல்லை. வந்தார்கள், ஏர் பிடித்தார்கள், பீடி சுற்றினார்கள், செத்தார்கள். முதல் போரில் வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள், விளிம்பில் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். அதில் எத்தனை அடகுக் கடைக்குப் போயிற்றோ! வெள்ளியை உருக்கும்போது பெயரும் சேர்ந்தே உருகிவிடும்.

இதே எங்கள் வட ஆற்காட்டுச் சீமையில்தான் செங்கம் நடுகற்கள் இருக்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்தவன் பெயர் கருந்தேவக்கத்தி என்று அதில் இருக்கிறது. கள்ளரைக் கடித்துவிட்டுப் பக்கத்திலேயே காத்து நின்ற அவனுடைய நாய்க்கும் கல்லில் உருவம் உண்டு, கோவிவன் என்ற பெயரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த மரியாதை இருபதாம் நூற்றாண்டில் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

2009ல் ஹாரி பேட்ச் 111 வயதில் இறந்தபோது, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்ற கடைசி மனிதர் போய்விட்டார் என்று பிரிட்டன் முழுக்கப் பேசினார்கள். 2012 பிப்ரவரியில், விமானப் படையில் உணவு பரிமாறிய ஃபுளோரன்ஸ் கிரீன் என்ற மூதாட்டியும் போனார். அந்தப் போருக்கு நம் நாட்டிலிருந்தும் 13 லட்சம் பேர் போனார்கள். அவர்களில் கடைசி ஆள் யார், எந்த ஊர்த் திண்ணையில் கண்ணை மூடினார்? நான் கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் போருக்குப் போன 25 லட்சம் பேர் விஷயமும் அப்படியே ஆகப்போகிறது. அன்றைக்குப் பதினெட்டு வயசுப் பையன் என்றாலும் இன்றைக்கு நூறை ஒட்டியிருப்பார்.

வெள்ளைக்காரனுக்காகப் போனவர்களுக்கு எதற்கு இந்தப் பாராட்டு என்று சிலர் கேட்பார்கள். என் மகனே கேட்டான். நியாயமான கேள்விதான். இம்பாலில் எதிர்ப்பக்கம் நேதாஜியின் படை நின்றது, அவர்களைத் தியாகிகள் என்கிறோம். சரி. ஆனால் எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் ராஜா மேல் பாசத்தில் போகவில்லை. மழை இல்லை, வேலை இல்லை, பட்டாளத்தில் மூன்று வேளைச் சோறும் சம்பளமும் உண்டு, போனார்கள். எனக்குத் தெரிந்த கிழவர்கள் யாரும் அதை மறைத்ததில்லை. அவர்களுக்குச் சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருவன் பெயரை எழுதி வைப்பதற்கு அவன் செய்தது எல்லாம் சரி என்று பொருளா?

முதல் போருக்குப் போன பஞ்சாபியர் 3,20,000 பேரின் விவரம் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏடுகளாக 97 வருடம் கிடந்தது. 2021ல் அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகள் ஊர்ப் பெயரைத் தட்டித் தாத்தாவைத் தேடுகிறார்கள். நம் மாநிலத்தில் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. அப்படியென்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் பெயர்ப் பட்டியல் இருந்தாக வேண்டும். ஆள் இறந்ததும் தொகையை நிறுத்துங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அந்தப் பெயரையும் ஊரையும் படைப்பிரிவையும் மட்டும் ஒரு புத்தகத்தில் ஏற்றி, அந்தந்த ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள் என்கிறேன். உயிரோடு இருக்கும் பாட்டிகளிடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போய் அரை மணி நேரம் பேசி, செல்போனில் பதிவு செய்தாலே போதும். உங்கள் நாளிதழும் இனி இப்படிச் செய்தி போடும்போது மலர்வளையக்காரர்களில் இரண்டு பேரைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் படைப்பிரிவைப் போடலாம்.

என்னால் முடிந்தது, நான் மணியார்டர் கொடுத்த பர்மாக்காரர்கள் பதினொரு பேரை ஊர், தெரு வாரியாக எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்பது பேருக்குப் பெயர் இருக்கிறது. மற்ற இரண்டு இடத்தில் ‘மிலிட்டரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஒருவர் வீடு ஏரிக்கரைப் புளியமரத்தை ஒட்டி, இன்னொருவருக்கு இடது கையில் இரண்டு விரல் இருக்காது. வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் உங்கள் முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வேலூர் மாவட்டம்.