விற்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்காட்சி அமைப்பதையும் கலை வணிகத்தையும் முதுகலையாகப் படிக்க லண்டன் போகும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாற்பது வருடமாகப் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். அந்தப் படிப்பு நம் ஊரிலேயே, தமிழிலேயே வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லண்டனில் இருக்கும் சோத்பீஸ் கல்விக்கூடம், 1969-இல் சோத்பீஸ் என்ற கலைப்பொருள் ஏலக் கம்பெனி தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. அதனால் விற்கிறவர், வாங்குகிறவர் பக்கத்துப் பாடம் அங்கே நன்றாகவே இருக்கும். வரைகிறவன் பக்கத்துப் பாடத்துக்குக் கும்பகோணம் ஓவியக் கல்லூரிப் பிள்ளை எங்கே போவான்?

தொண்ணூறுகளில் ஒரு கேலரி, விற்றுத் தருவதாக என்னிடம் ஆறு கேன்வாஸ் வாங்கிப் போனது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். இரண்டு வருடம் கழித்து நான்கு திரும்பி வந்தன. ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. மற்ற இரண்டும் விற்றுவிட்டதாகச் சொல்லி ஒரு தொகை கொடுத்தார்கள். வாங்கியவரையே பிறகு ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். அவர் கொடுத்தது அதைப் போல மூன்று மடங்கு. கேட்கலாம் என்றால் கையில் என்ன இருக்கிறது? ஒப்படைத்ததற்கு ரசீது இல்லை, கமிஷன் இவ்வளவு என்று எழுதிய தாள் இல்லை, கொடுக்கும்போது படம் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு போட்டோகூட இல்லை. எங்கள் வாத்தியார்கள் அருமையானவர்கள். உடற்கூறு முதல் வண்ணக் கலவை வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் (காப்பிரைட்) 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994 திருத்தத்தில் வந்தது. நாம் விற்ற ஓவியம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் கைமாறினால், அந்த மறுவிற்பனையில் நமக்கோ நம் வாரிசுக்கோ 10 சதவீதம் வரை பங்கு கேட்க வழி செய்கிறது. எனக்கு இது தெரியவந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

விற்பது ஓவியனுக்கு இழுக்கு என்பவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் என்ற மெழுகுச் சாயத் துணி விற்ற காசில்தான் 1966-இல் அந்தக் கடற்கரை நிலத்தில் கிராமத்தை உண்டாக்கினார்கள். அவர்கள் வரைந்ததில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

கண்காட்சி அமைக்கிறவரைச் சொல்லும் கியூரேட்டர் என்ற சொல்லுக்கு நம் அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்று பெயர். பழைய பொருளைக் காக்கிறவர். எங்களுக்கு வேண்டியவர் வேறு. உயிரோடு இருக்கிற ஓவியனுடன் உட்கார்ந்து, எந்தப் படத்தை எதன் பக்கத்தில் மாட்டுவது, சுவரில் என்ன எழுதி வைப்பது என்று பேசுகிறவர். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் 2012 முதல் இந்த வேலையை ஓவியர்களேதான் செய்துவருகிறார்கள். பக்கத்து மாநிலம்தான், நம் மாணவர்களை ஒரு மாதம் அங்கே அனுப்பலாமே! பெட்டி பிரிப்பது, இன்சூரன்ஸ், சுங்கக் காகிதம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பழகுவார்கள்.

நுண்கலை முதுகலையில் ஒரு பருவமாவது இதற்கு ஒதுக்கினால் போதும். அதுவரை உங்கள் இதழாவது ஒரு வழக்கறிஞரைக் கேட்டு 53ஏ பிரிவைப் பற்றி எளிய தமிழில் எழுதுங்கள். ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் சேர்த்து அச்சிட்டால், நகலெடுத்துக் கல்லூரி வாசலில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவியர்,
திருவான்மியூர், சென்னை.