ஆரத்தை எங்கும் உரசக் கொடுக்காதே

காவேரிப்பட்டணம்
ஞாயிறு

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம். மழை இல்லை, தோப்பில் பிஞ்சு உதிர்கிறது. அது கிடக்கட்டும்.

பேத்திக்காக நேற்று கிருஷ்ணகிரி போய் 4 கிராமில் ஒரு செயின் எடுத்தேன். கடைப் பையன் லென்ஸைக் கொடுத்துக் கொக்கியோரம் காட்டினான். பி.ஐ.எஸ். என்ற அரசுத் தர அமைப்பின் முக்கோண முத்திரை, 22கே916 (22 காரட், நூறு பங்கில் 91.6 தங்கம்), பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு. அந்த ஆறையும் போனில் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கடை, எங்கே சோதித்தது, என்ன நகை எல்லாம் வருகிறது. செயினுக்கு மோதிரம் என்று காட்டினால் அது வேறு நகையின் எண். 2023 ஏப்ரலிலிருந்து இந்த ஆறு எழுத்துக் குறி இல்லாமல் கடையில் விற்கக் கூடாதாம். நீயும் பார்த்து வாங்கு. பில் இல்லாமல் வாங்காதே.

போன வாரம் வீடியோவில் உன் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகிறது? எம்.எஸ்சி. படித்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வீடியோவுக்குப் பிறகு ஒரு போன்கூட இல்லையே.

கண்ணு, உனக்குப் போட்ட ஏழு பவுன் ஆரத்தில் இந்தக் குறி எதுவும் இருக்காது. கே.டி.எம். என்று மட்டும் அடித்திருக்கும். அது தரம் இல்லை. பற்றவைக்கக் கேட்மியம் சேர்த்தது என்றுதான் அர்த்தம். அது மாங்காய் விலைபோகாத வருஷம். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்றார் தெரிந்த ஆசாரி. சரி என்றேன். சம்பந்தி கேட்டபோது 916 என்று சொன்னதும் நான்தான். பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்திருக்கலாம். பொய் வைத்தேன்.

போன ஆடியில் அம்மாவின் இரட்டைவடத்தை அடகுக்குக் கொண்டுபோனேன். அதுவும் அதே ஆசாரி செய்ததுதான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து அமிலம் ஒரு சொட்டு விட்டார். கோடு மங்கிப்போச்சு. "18 காரட்தான் தேறும் ஐயா" என்றார், பின்னால் ஐந்தாறு பேர் நிற்க.

ஆரத்தை எங்கும் உரசக் கொடுக்காதே. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அடகு வைத்துவிட்டாய் என்றால் எத்தனைக்கு என்று மட்டும் சொல். தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. போன் பண்ணினால் என் நம்பருக்குப் பண்ணு.

அப்பா