தரங்கம்பாடி ‘வெறும் குப்பம்’ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தரங்கம்பாடி பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். “டேனிஷ்காரர்கள் வரும்வரை இது பெயர்கூட இல்லாத வெறும் மீனவக் குப்பம்” என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

நான் அந்தக் குப்பத்தில் பிறந்தவள், ஓய்வு பெற்ற ஆசிரியை. குப்பம் என்று சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. அந்த ‘வெறும்’தான் குத்துகிறது. காற்று வாடையா கொண்டலா என்று முகத்தில் படும்போதே சொல்லிவிடுவார் என் அப்பா.

ஊருக்குப் பெயரும் இருந்தது. கடலோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை நீங்கள் அறிவீர்கள். மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்த கோயில் அது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. டேனிஷ்காரர்களின் கோட்டை வந்தது 1620-ல், அதுவும் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி. நான் சிறுமியாக இருந்தபோதே கோயிலில் பெரும்பகுதி கடலோடு போய்விட்டது. அலை உள்வாங்கும்போது கற்கள் தெரியும், அம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார். கட்டுரையில் கோட்டைக்கு இரண்டு பக்கம். கோயிலுக்கு ஒரு வரி கிடையாது.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவரை எங்கள் ஊர் என்றும் மறக்காது. ஆனால் 1706-ல் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாதே. உள்ளூர் வாத்தியாரும் மணலில் எழுதிப் படித்த பிள்ளைகளும்தானே அவருக்கு எழுத்து காட்டினார்கள்? அவர்களும் கட்டுரையில் இல்லை.

எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ‘தூங்கும் ஊர்’ என்பார்கள். மாயவரத்திலிருந்து பொறையார் வழியாக வந்த ரயில் நின்றுபோய் நாற்பது வருடம் ஆகிறது. அந்த ரயிலில்தான் நான் படிக்கப் போனேன். இன்று பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அதை யார் எழுதினார்கள்? 2004 சுனாமியில் எங்கள் வீடு போனது. மறுநாளே கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். அப்பாவைத் தேடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, கடலைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார்கள். இருபது வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

அப்புறம், அட்டைப்படத்தில் கருவாடு காயப்போடும் அம்மா எனக்கு அடுத்த வீடு. படம் எடுத்தவர் பெயர் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லையாம். ‘உள்ளூர்ப் பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த இதழில் ஊரின் பழைய பெயரையும் கோயிலின் ஆண்டையும் ஒரு வரியாவது திருத்தமாகப் போடுங்கள். அந்த அம்மாவுக்கு இதழின் ஒரு பிரதி அனுப்புங்கள். முகவரியைத் தனியே இணைத்துள்ளேன். அவர் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வாசகி