ஒரு வாளிக்கு ஒரு வாசனை போதும்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டிலேயே பீர் காய்ச்சும் கிட் வாங்கிவிட்டாய், இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் காபி, ஆரஞ்சுத் தோல், பட்டை, வெனிலா என்று பெரிய பட்டியல் போட்டுவிட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிப்பா, சரிப்பா” என்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வாளிக்கு ஒரு வாசனை போதும் அம்மாடி. நான்கையும் கொட்டினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வீணாய்ப் போனாலும் அப்படியே. பட்டியல் எங்கும் ஓடிவிடாது, அடுத்த வாளிக்கு இருக்கட்டும்.

டப்பாவில் உள்ள மால்ட் பாகில், அதாவது முளைகட்டிய பார்லியில் எடுத்த பாகில், ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதைக் கொதிக்க வைக்காதே, மிச்சமிருக்கும் மணமும் ஆவியோடு போய்விடும். பெரும்பாலான கிட்களில் ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். முதலில் அதை மாற்று. சர்க்கரையை ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறும், குடிக்கும்போது பீர் நீர்த்துப்போனதாக இருக்கும். அதற்குப் பதில் உலர்ந்த மால்ட் பொடி போட்டால் வாயில் ஒரு கனம் நிற்கும். மசாலா எதுவும் இல்லாமலே பாதி வேலை இதில் முடிந்துவிடும் என்பது என் கட்சி.

அப்புறம், எப்போது போடுவது. எல்லோரும் அளவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், நேரம்தான் முக்கியம். நொதித்தல் தொடங்கிய முதல் சில நாட்கள் வாளி பொங்கும். அப்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, நீ போட்ட மணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பொங்கல் அடங்கிய பிறகு போட்டால் மணம் தங்கும். அதற்குள் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்ந்திருப்பதால் கிருமிகள் எளிதில் வேரூன்றாது. அதற்காகக் கழுவாத கரண்டியை உள்ளே விட்டுவிடாதே. பீரைத் தொடும் எதுவானாலும் கிருமிநாசினியில் முக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோலுக்கு நான் சொல்லும் வழி வோட்கா. மேலே உள்ள நிறமான பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவு; அடியில் உள்ள வெள்ளை கசக்கும். சிறிய பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு வோட்கா ஊற்றிச் சில நாட்கள் வை. தோலில் உள்ள வாசனை எண்ணெய் அதில் இறங்கிவிடும், கிருமியும் சாகும். லேசாக நசுக்கிய கொத்தமல்லி விதையைக் கூடச் சேர்க்கலாம். பெல்ஜியத்துக் கோதுமை பீரில் இந்த இரண்டும் பழைய ஜோடி. (ஒன்றே போதும் என்றேன்தான். இது ஜோடியாகவே கணக்கு.)

வாளியில் ஊற்றும் முன் கிளாஸில் பார். 100 மில்லி பீர் எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சால் அந்தச் சாற்றைத் துளித்துளியாகச் சேர்த்துக் குடித்துப் பார். அரை மில்லி சரியாக இருந்தால் 20 லிட்டருக்கு 100 மில்லி. கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே ஊற்று. ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. வெனிலாவுக்கும் பட்டைக்கும் இதே முறைதான். கிராம்புப் பக்கம் போகாதே, இரண்டு கிராம்பு போதும் வாளி முழுக்கப் பல் மருந்து வாசம் அடிக்க.

காபி போட வேண்டுமானால் கறுப்பு பீர் கிட்டுக்குப் போடு. கொரகொரப்பாக அரைத்த தூளைக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைக்கும் நாளில் சேர். சாக்லேட் கட்டியைப் போடாதே. அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும். கொக்கோ பருப்புத் துண்டுகள் பரவாயில்லை.

பழம் போடும் ஆசை வந்தால் இதை நிதானமாகப் படி. பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடும். இனிப்பு போய்ப் புளிப்பும் மணமும்தான் மிஞ்சும். பழம் விழுந்ததும் அடங்கிய நொதித்தல் மறுபடி கிளம்பும். அது முடிவதற்குள் பாட்டிலில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணாடிச் சில் கண்ணில் படலாம். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடர்ந்து மூன்று நாட்கள் ஒரே அளவைக் காட்டினால் மட்டும் அடை. நுரைக்காகப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராமைத் தாண்ட வேண்டாம். கடைச் சாறு வாங்கினால் லேபிளைப் பார். பொட்டாசியம் சார்பேட் என்ற கெடாமல் காக்கும் பொருள் இருந்தால் ஈஸ்ட் திணறும்.

இதையெல்லாம் சேர்த்தால் அது பீரே இல்லை என்று யாராவது சொல்வார்கள். 1516-இல் பவேரியாவில் போட்ட சட்டப்படி பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான். அதில் ஈஸ்ட்டின் பெயரே இல்லை. ஹாப்ஸ் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் மூலிகை போட்டுத்தான் காய்ச்சினார்கள். நீ பயப்படாமல் போடு. ஆனால் நீ இருக்கும் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

டப்பாவின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். அதிலுள்ள தேதியைப் படம் எடுத்து அனுப்பு. பழையதாக இருந்தால் வேறு ஈஸ்ட் வாங்கிய பிறகு தொடங்கலாம்.

அன்புடன்,
அப்பா